கழன்று விழாத பிளக்

1

இந்தக் கதை அக்காவின் சமையலறையில் கிடைத்தது. அவள் பொறியாளர். பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள்: "எழுதித் தொலைடா. நாளைக்குக் கையெழுத்துப் போடணும். நீ எழுதினாலாவது எனக்குப் புரியுதா பாக்கறேன்."

முதல் வரி: "பிளக்குகளின் போர் உச்சத்தில் இருந்தபோது..." (அடித்துவிட்டேன். போராவது மண்ணாவது. கோட்டுப் போட்டவர்கள் ஏசி அறையில் பிஸ்கட் தின்றார்கள்.)

2

விஷயம் இதுதான். மின்சார ஸ்கூட்டருக்கு சார்ஜ் ஏற்றும் பிளக்கில் இரண்டு கம்பெனிக் கூட்டணிகள். ஒன்றின் பிளக் மற்றதில் நுழையாது. முதல் கூட்டணி தன் காப்புரிமைகளையெல்லாம் ஒரே உண்டியலில்* போட்டிருக்கிறது. பிளக் செய்பவர் அங்கே மட்டும் பணம் கட்டினால் போதும், ஒவ்வொருவர் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். வயர் காலில் தடுக்கினாலும் பிளக் கழன்று விழாமல் பிடித்துக்கொள்ளும் கொக்கி அக்கா கண்டுபிடித்துக் காப்புரிமை வாங்கியது. அதையும் உண்டியலில் போடச் சொல்லி ஒப்பந்தம் நீட்டியிருக்கிறார்கள்.

(* என் சொல். அவர்கள் சொல்வது இதைவிட நீளம்.)

3

உண்டியல் பணத்தைப் பங்கு பிரிப்பது, யாருக்கு எத்தனை காப்புரிமை என்று எண்ணி. கூட்டணி அலுவலர் போனில் சலித்துக்கொண்டார்: "எல்லாரும் ஒரு கண்டுபிடிப்பைப் பத்தா நறுக்கித்தானே மேடம் பதிவு பண்ணாங்க? நீங்க ஏன் ஒண்ணா வச்சீங்க?"

"ஒண்ணுதானே சார் கண்டுபிடிச்சேன்?"

(இங்கே அக்காவைப் புரட்சிக்காரியாக்கப் பார்த்தேன். "நீதி என்பது..." வேண்டாம். அவளுக்குக் கால் வலி.)

4

சேராவிட்டால் தனியாக விலை பேசலாம். அதற்குள் அவர்கள் கொக்கியே இல்லாமல் பிளக்கை மாற்றி வரைந்துவிடலாம். இழுபறியில் எதிர்க் கூட்டணியின் பிளக் ஜெயித்துவிட்டால், அவளும் அத்தானும் வேலையை விட்டுவிட்டு உழைத்ததெல்லாம் அம்போ.

"சேந்தா சில்லறை, சேராட்டி ஷோகேஸ்" என்றாள் அக்கா.

அத்தான் சிரிக்கவில்லை. "பழைய ஆபீஸ்ல என்னைத் திரும்ப எடுத்துக்குவாங்களான்னு கேட்டுப் பாக்கறேன்" என்றார். அக்கா குழாயை மூடினாள். எனக்கு அழுகை வந்தது.

5

இந்தக் குட்டிக் கதையை நானும் ஐந்தாக நறுக்கியிருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். அக்காவைப் பார்த்தும் புத்தி வராமல் இருக்குமா?

முடிவு இரண்டு எழுதினேன். ஒன்றில் அவள் கையெழுத்திடுகிறாள், மற்றதில்... இரண்டுமே அவளுக்குப் பிடிக்கவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. அடுத்த முறை வண்டிக்கு சார்ஜ் போடும்போது நீங்களே வயரை லேசாக இழுத்துப் பாருங்கள். பிளக் கையோடு வந்துவிட்டால் அக்கா மறுத்துவிட்டாள். வரவில்லையென்றால் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

அவள் பெயர் அதில் எங்கும் இருக்காது. தேடாதீர்கள்.