எங்கள் ஈரம், அக்கா வீட்டு மழை

வாய்க்கால் மதகைத் திறந்துவிடுவது என் வேலை. அந்தத் தண்ணீரெல்லாம் எங்கள் பக்கத்து வயல்களுக்குத்தான். அதை ஒட்டி அக்கா வாழ்க்கைப்பட்ட பக்கம் வாய்க்காலே இல்லாத காய்ந்த மண். ஆனால் மழை மட்டும் அங்கேதான் பெய்தது.

தொலைபேசியில் அக்கா சிரித்தாள். “உங்க பக்கம் மேகம்கூட எட்டிப் பாக்கலையாடி?”

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் ஈரத்திலிருந்து எழும் ஆவியை அவர்களுடைய சூடான மண் இழுத்து, மேலே தூக்கி, மழையாக்கிக்கொள்கிறது. நான் படித்தவள், எனக்கு அது தெரியும்.

மறுநாள் முதல் மதகைத் திறக்கவில்லை.

“என்னம்மா, பயிர் வாடுதே?” என்றார் மாமனார்.

“மதகு ரிப்பேர், மாமா.”

ஒரு வாரத்தில் எங்கள் மண்ணும் வெடித்தது. மேகம் எங்குமே எழவில்லை.

“இங்கயும் ஒரு சொட்டுகூட இல்லடி” என்று அக்கா புலம்பினாள். அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.