எல்லைக்கல் தட்டு

அந்த நிலத்தில் எதை விதைத்தாலும் முதலில் தலைகாட்டுவது கல்தான். உழும்போதெல்லாம் கூடை கூடையாகப் பொறுக்கி வரப்போரம் கொட்டுவது மனைவி. அந்தக் குவியலுக்கு ஆன்மா இருப்பதாக ஒரு நாள் கண்டுபிடித்தது புருஷன். அன்றிலிருந்து அவர் கொட்டகையில் கல்லறுக்கும் மெஷினோடுதான் குடித்தனம். அறுத்து, குடைந்து, பளபளவென்று தேய்த்து, தட்டும் கிண்ணமுமாகச் செய்து தள்ளினார். ஊர் அவருக்குச் சிற்பி என்று பெயர் வைத்தது. அது கிண்டல் என்று அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அந்தத் தட்டில் சூடாகப் பரிமாறியது வாய்க்குப் போவதற்குள் ஆறிவிடும். ஒரு நாள் கழுவும்போது கிண்ணம் கைதவறியது. கிண்ணத்துக்குக் கீறல்கூட இல்லை, தரைதான் பெயர்ந்தது. "பாத்தியா, தலைமுறைக்கும் நிக்கும்" என்றார் சிற்பி. அவள் நசுங்கிய கால்விரலைப் பிடித்துக்கொண்டு, நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அவள் உயிரெல்லாம் நிலத்தோரத்துக் கிணற்றில் இருந்தது. அது போனால் விவசாயத்துக்கு முழுக்குப் போட வேண்டியதுதான். கிணறு தன் பக்கம் என்று பக்கத்து நிலத்துக்காரர் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இல்லை என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி, கிணற்றுக்கு அப்பால் நின்ற எல்லைக்கல்.

அளந்து பார்த்துவிடலாம் என்று பக்கத்து நிலத்துக்காரரே மனுப் போட்டார். சர்வேயர் வந்த அன்று அவள் தெம்பாகத்தான் நடந்து போனாள். கல் நின்ற இடத்தில் புல் நின்றது.

"கல்லா? இங்க எப்பவும் புல்லுதானே தங்கச்சி" என்றார் பக்கத்து நிலத்துக்காரர், தேன் ஒழுக.

"கல்லு இல்லன்னா கிணறு யாரோடதுன்னு நான் எத வெச்சும்மா சொல்றது?" என்றார் சர்வேயர்.

அவள் ஓட்டமும் நடையுமாகக் கொட்டகைக்குப் போனாள்.

"எல்லைக்கல்ல என்ன பண்ணினீங்க?"

சிற்பி நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்தார். "அதுவா. நடுவுல ஒரு வெள்ளக் கோடு ஓடும் பாரு, அந்த மாதிரி கல்லு இனிமே கிடைக்காது. பக்கத்து நிலத்துக்காரர்தான் தொட்டுக் காட்டி, இதுல எனக்கு ஒரு தட்டு செஞ்சு குடுங்கன்னாரு. எனக்கு இருக்கறதே ஒரே ஒரு ரசிகர். மாட்டேன்னு எப்படிச் சொல்றது?"

"அந்தத் தட்டுல கிணத்தையும் வெச்சுக் குடுத்துட்டீங்களே." அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. "கல்லப் பிடுங்கின குழியாவது இருக்கா?"

"பிடுங்கறதா? முழங்கால் ஆழத்துக்குத் தோண்டணும். என் இடுப்பு என்னத்துக்கு ஆகும்? தரையோட தரையா மெஷின வெச்சு அறுத்துட்டேன். அடிக்கல்லு அப்படியே கிடக்கு, மேல கொஞ்சம் மண்ணத் தள்ளி விட்டேன்."

இத்தனை வருஷத்தில் அவருடைய சோம்பேறித்தனத்தை அவள் திட்டாத நாளில்லை. இன்றைக்கு அதன் காலில் விழுந்து கும்பிடலாம் போலிருந்தது.

மண்வெட்டியோடு திரும்பி வந்து புல்லைச் செதுக்கினாள். நாலாவது வெட்டில் ணங்கென்றது. மண்ணைத் துடைத்ததும் வழுவழுப்பாக அறுத்த கல் தெரிந்தது. குறுக்கே வெள்ளைக் கோடு.

"வயல்ல இப்படி ஆயிரம் கல்லு கிடக்கும்" என்றார் பக்கத்து நிலத்துக்காரர். தேன் கொஞ்சம் வற்றியிருந்தது.

சர்வேயர் குனிந்து பார்த்தார். "கிடக்கும். ஆனா இந்தக் கோட்ட நான் காலைல உங்க வீட்டுலதானே பாத்தேன். கடைசி பிஸ்கட்ட எடுத்ததும் தட்டுல தெரிஞ்சுது. உலகத்துலயே இதுக்கு ஜோடி கிடையாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

தட்டை வரவழைத்து அடிக்கல்லின்மேல் வைத்தார்கள். கோடு கோட்டோடு சேர்ந்துகொண்டது. சர்வேயர் அங்கிருந்தே அளந்தார். கிணறு அவள் பக்கம்.

எல்லாம் முடிந்த பிறகு சிற்பி ஆடி அசைந்து வந்து சேர்ந்தார். அடிக்கல்லை ஆசையாகத் தடவினார்.

"இதத் தோண்டி எடுத்தா இன்னும் ரெண்டு கிண்ணம் தேறும். இடுப்பு மட்டும் ஒத்துழைக்கணும்."

"ஒத்துழைக்காது" என்றாள் அவள், கிணற்றுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே. "அந்த இடுப்பு வலி நூறு வருஷம் நல்லா இருக்கணும்."