அக்காளின் கடிதத்தைத் திருத்தியவன்

என் அக்கா லொரெட்டா தன் கல்யாணத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தில் பதினொரு பிழைகளைச் சிவப்பு மையால் திருத்தி, அவளுக்கே தபாலில் திருப்பி அனுப்பிவிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. நெப்ராஸ்காவில் ஒரு வாரப் பத்திரிகையில் இருபது வருடமாக ஆங்கிலப் பிழை திருத்துகிறவனுக்குக் கை தானாகவே போய்விடுகிறது. வசந்த காலம் என்ற சொல்லின் முதலில் பெரிய எழுத்து எதற்கு என்று வெட்டினேன். விருந்துக்கான கொலாச்சி என்ற இனிப்பு பன்களைப் பன்மையாக்க அவள் தேவையில்லாமல் மாட்டியிருந்த அப்பாஸ்ட்ரஃபி கொக்கியைக் கழற்றினேன். மாப்பிள்ளையின் குடும்பப் பெயர் வோஸ். அந்தக் குடும்பத்தார் எல்லோரையும் சேர்த்துச் சொல்ல இன்னும் இரண்டு எழுத்து வேண்டும் என்று ஓரத்தில் குறித்தேன்.

கடைசி வரியில் திருத்த எதுவும் இல்லை. அதனால் அதைச் சரியாகப் படிக்கவும் இல்லை. 'அப்பா இல்லை. சர்ச்சில் பீடம்வரை என் கையைப் பிடித்து நீ அழைத்துப்போவாயா?' என்று கேட்டிருந்தாள்.

இதை எனக்குச் சொன்னது பெர்னிஸ். எங்கள் அலுவலக வரவேற்பு மேசைக்காரி, அக்காளோடு வாரந்தோறும் பௌலிங் ஆடுகிறவள். உடனே அக்காளுக்குப் போன் செய்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஐந்தே நாள்.

மறுநாள் செவ்வாய். வாசகர்கள் ஆங்கிலச் சந்தேகங்களைப் போனில் கேட்கும் நாள். பதில் சொல்வது என் வேலை. முதல் மணி அடித்தது.

"ஒரு சந்தேகம் சார். 'அம்மா'வுக்கு எப்போ பெரிய எழுத்து, எப்போ சின்ன எழுத்து?"

"அக்கா! நான் வந்து..."

"அக்கா இல்ல, வாசகி. பதில் சொல்லுங்க."

"பேருக்குப் பதிலா எழுதினா பெரிசு. 'என் அம்மா'ன்னா சின்னது."

"அப்போ மடையன்? ஒருத்தனுக்கு அதையே பேரா வெச்சுடலாம்னு இருக்கேன்."

"பெரிய எழுத்து" என்றேன், தொழில் தர்மம் தவறாமல்.

"சந்தோஷம்."

பத்து நிமிடத்தில் மறுபடியும் அவளே.

"மானுக்கு ஒருமை, பன்மை எல்லாம் ஒரே சொல்லுன்னு பத்திரிகையில எழுதியிருந்தீங்களே, கழுதைக்கு எப்படி?"

"கழுதைக்குப் பன்மை தனியா உண்டு."

"எங்க குடும்பத்துல ஒண்ணுதான். தேவைப்படாது."

மதியத்துக்குள் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் இணைப்பைக் கொடுத்துவிட்டு பெர்னிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கடைசியில் என் மேசைக்கே வந்தாள்.

"பிடிக்காதவ ஆறு தடவை கூப்பிடுவாளா? நேர்ல போய் நில்லு, மண்டு."

போனேன். அக்கா சமையலறையில் விருந்துக்காக மாவு பிசைந்துகொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன, இன்னும் தப்பு ஏதாவது விட்டுப்போச்சா?"

"ஒண்ணு விட்டுப்போச்சு. நீ கேட்டதுக்குப் பதில் எழுதல. வர்றேன்க்கா."

"யாரு கூப்பிட்டா?"

"வேற யாரையாவது கேட்டுட்டியா? சித்தப்பாவை?"

"அவருக்கு முட்டி வலி."

"அப்போ யாரோட நடப்பே?"

"எனக்கே ரெண்டு கால் இருக்கு."

"சுத்தி வளைக்காதேக்கா. உன் கடுதாசியில அப்பா இடத்துல என்னை நிக்கச் சொல்லி ஒரு வரி கிடந்துது, அதை நான் தாண்டிப்போயிட்டேன். நான் வரலாமா, கூடாதா?"

பிசைந்த கை நின்றது. திரும்பி, மாவு ஒட்டிய கையோடு என் கன்னத்தைப் பிடித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"வரணும்டா. நீதான் வரணும். சனிக்கிழமை பத்து மணி."