தண்ணீர் பட்டால் எரியும் கை

1

இந்தக் கதையை நான் ஒட்டுக்கேட்டுத்தான் பிடித்தேன். தோல் மருத்துவரின் காத்திருப்பு அறை. என் முதுகு அரிப்புக்காகப் போயிருந்தேன். (சிரிக்காதீர்கள். எழுத்தாளனுக்கும் முதுகு உண்டு.) கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஒரு பெண் சொன்னாள்: "தண்ணி பட்டாலே எரியுது டாக்டர்."

மிளகாய் எரியும், சரி. தண்ணீர் எரியுமா? அந்த ஒரு வாக்கியத்தைப் பொத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். முதுகை மறந்தே போனேன். அவள் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "நகரத்தின் மேல் மழை—" வேண்டாம். மழையில் தொடங்கி நான் கெடுத்த கதைகள் போதும்.

இரண்டாவது: "அவள் கைகள் ஒரு காலத்தில்—" எனக்கே கொட்டாவி வருகிறது.

மூன்றாவது. இதுவே இருக்கட்டும்:

முடிதிருத்தும் நிலையத்தில் அவளுக்குப் பெயர் கத்திரி. கை எவ்வளவு வேகமோ, வாய் அதைவிட வேகம். காலையிலிருந்து தலை அலசுவாள், சாயம் பூசுவாள், வெட்டுவாள். கொஞ்ச நாளாக விரலிடுக்கெல்லாம் சிவந்து, தோல் இறுகிப் பளபளத்து, விரல் முட்டிகளில் வெடிப்பு விட்டிருந்தது. கிருமி என்று நினைத்துவிட்டாள். ஒவ்வொரு தலைக்கும் பிறகு கிருமிநாசினி போட்டுப் பரபரவென்று தேய்த்துக் கழுவினாள். எரிந்தது. எரிந்தால் மருந்து வேலை செய்கிறது* என்று இன்னும் தேய்த்தாள்.

[*இதை நமக்கெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தார்களோ, அவர் மட்டும் என் கையில் கிடைக்கட்டும்.]

ஒருநாள் நாற்காலியில் இருந்த அம்மாள் கழுத்தை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "இது ஒட்டிக்குமா? வேற யாராவது வரட்டுமே."

கடை நடத்தும் அக்கா கத்திரியைத் தனியே கூப்பிட்டார். "கை ஆறட்டும். அதுவரைக்கும் நீ வாசல்ல உக்காந்து ஃபோன் எடு. அப்புறம் யாராவது ஒருத்தர் மனசார உன் நாற்காலியில உக்காரட்டும், அப்பவே கத்திரிக்கோலை உன் கையில தர்றேன்."

கத்திரி போய் வாசலில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு வேலைதான். பிடித்ததும் அதுதான்.

(முதல் பிரதியில் அக்காவை வில்லியாக்கியிருந்தேன். என் மனைவி படித்துவிட்டு, "அவங்க என்ன தப்பு பண்ணாங்க? நானா இருந்தாலும் அதைத்தான் சொல்வேன்" என்றாள். அடித்துவிட்டேன். அந்த வரிகளைத்தான்.)

3

மருத்துவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது ஒட்டாதும்மா. தோலுக்கு மேல ஒரு காவல் இருக்கு. உள்ள இருக்கிற ஈரத்தை வெளிய விடாது, வெளிய இருக்கிறதை உள்ள விடாது. அதை நீங்களே தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்துட்டீங்க. அதான் வெறும் தண்ணியும் எரியுது."

"அப்ப என்ன போடணும் டாக்டர்?"

"போடறது இருக்கட்டும். முதல்ல நிறுத்துங்க."

கிருமிநாசினிக்குத் தடை. வாசனைக் கிரீமுக்குத் தடை. பக்கத்து வீட்டுக்காரர்களின் வைத்தியம் அத்தனைக்கும் தடை. சிவப்புக்குக் கொஞ்ச நாள் பூச ஒரு மருந்து. மற்றபடி வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத கெட்டிக் களிம்பு. தண்ணீர் வேலை என்றால் பருத்திக் கையுறை, அதன்மேல் ரப்பர் கையுறை. அவ்வளவுதான்.

4

இங்கே கதை நின்றுவிட்டது. ஆறிக்கொண்டிருக்கும் தோலைப் போலச் சப்பென்ற விஷயம் உலகத்திலேயே இல்லை. எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு விபத்தைச் சேர்த்தேன். பழைய காதலன் ஒருவனைக் கொண்டுவந்தேன். கடைக்குத் தீ வைக்கலாம் என்று—

"சார்," என்றாள் கத்திரி. (ஆமாம், என்னிடம்தான்.) "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நிறுத்தச் சொன்னார்."

"எனக்கு மட்டுமா சொன்னாரு? நீங்களும் தேய்க்கிறதை நிறுத்துங்க. என்னை என் பாட்டுக்கு விடுங்க, ஆறிக்கிறேன்."

காதலனை வந்த வழியே அனுப்பினேன். தீப்பெட்டியை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

5

ஆகவே, என் எழுத்து வாழ்க்கையில் முதல்முறையாக, ஒன்றுமே நடக்காத உச்சக்கட்டம்.

விடுமுறை நாள் காலை. பேருந்து ஓட்டுநரான அவள் கணவர் கூடத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கத்திரி சமையலறைக் குழாயைத் திறந்து வெறுங்கையை நீட்டினாள். கண்ணை இறுக மூடினாள். பல்லைக் கடித்தாள். காத்திருந்தாள்.

ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஏங்க!"

வீடே அதிர்ந்தது. அவர் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டு ஓடிவந்தார். "என்னாச்சு? என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலைங்க!"

"அதுக்கா இந்தக் கத்து கத்துற?"

"ஒண்ணுமே ஆகலை! பாருங்க, தண்ணி சும்மா ஓடுது!"

பார்த்தார். வெடிப்பெல்லாம் மூடியிருந்தது. சிவப்பைக் காணோம். அந்த ஈரக்கையை அப்படியே பிடித்துக்கொண்டு அந்த மனிதரும் கத்த ஆரம்பித்தார்: "ஒண்ணும் ஆகலை!" பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டி, "அங்க என்ன ஆச்சு?" என்று கேட்டார். அவருக்கு என்ன பதில் கிடைத்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சொல்லப்போனால் நானும் மேசையை விட்டெழுந்து கத்தினேன். சந்தோஷம் தாங்கவில்லை. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

6

இனி முடிவு. ஒன்று: கழுத்தை இழுத்துக்கொண்ட அதே அம்மாள் திரும்பி வந்து மன்னிப்பு— ஐயோ, திகட்டுகிறது. இன்னொன்று: கத்திரி சொந்தக் கடை திறக்கிறாள். அவள் அதைக் கேட்கவே இல்லையே. அவள் கேட்பது தன் நாற்காலியைத்தான்.

அக்கா சொன்னது நினைவிருக்கிறதா? யாராவது ஒருத்தர் மனசார உட்கார வேண்டும். நானே போய் உட்கார்ந்திருப்பேன். ஆனால் என் தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை.

உங்களுக்கு இருக்கிறது.

கடை திறந்தாயிற்று. அக்கா கத்திரிக்கோலை வைத்துக்கொண்டு வாசலையே பார்க்கிறார். நாற்காலி காலி. கத்திரி உங்கள் முன்னால் கைகளை விரித்துக் காட்டுகிறாள். நன்றாகப் பாருங்கள். உட்காருங்கள். தலையைப் பின்னால் சாயுங்கள். அவள் கையுறையை மாட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்து, வெறும் மணிக்கட்டில் ஓடவிட்டுப் பார்க்கிறாள். முகம் சுளிக்கவில்லை. குனிந்து உங்களிடம்தான் கேட்கிறாள்:

"தண்ணி சூடு சரியா இருக்கா?"

சொல்லுங்கள்.