பதினைந்தாவது ஓவர்

“மேசையோட தூக்கப் போறீங்களா, தனித்தனியா எறக்கப் போறீங்களா? சீக்கிரம் செய்யுங்க. சவப்பெட்டி டவுன்ல இருந்து கெளம்பிருச்சாம்” என்று முன் திண்ணையான இஸ்தோப்பில் நின்று சத்தம் போட்டாள் நாகலெட்சுமி, பக்கத்து வீட்டுக் காம்பராக்காரி. சாவு வீட்டில் யாராவது ஒருத்தர் அதிகாரம் பண்ணியாக வேண்டும். வீடுகள் ஒட்டியொட்டி நின்ற அந்தத் தோட்டத்து லயத்தில் அது எப்போதும் அவள் பொறுப்பு.

அலோசியஸ் மொனிட்டரை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினான். கம்ப்யூட்டர் மேசை வெளியே போனால்தான் அந்த இரண்டு அறை வீட்டின் முன் காம்பராவில் அப்பாவை வைக்க இடம் வரும். மூன்று மாதத்துக்கு முன்னால் இதே மேசைக்கு இடம் பண்ணுவதற்காக அப்பாவின் கட்டிலை உள் காம்பராவுக்குத் தள்ளியவனும் அவன்தான். அப்பா செபமாலை அதற்குக் குறை சொல்லவில்லை. “பிள்ளை வாத்தியாரு. படிக்கிற சாமான் முன்னுக்குத்தான் இருக்கணும்” என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமை அடித்துக்கொண்டார். 2006இல் அந்த லயத்துக்கு வந்த முதல் கம்ப்யூட்டர் அது. வாத்தியார் பிள்ளை அதில் படித்தது கிரிக்கெட் கேம் ஒன்றைத்தான் என்று அவருக்கும் தெரியும்.

உள்ளே அம்மா யாரிடமோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

“கொழுந்து நிறுத்துப்புட்டு வந்து பாக்குறேன், சுவத்துல சாஞ்சாப்புல இருக்காரு. நெஞ்சு அடைக்குதுன்னு ஆவி புடிக்க கேத்தல்ல தண்ணி ஊத்தி வச்சிருக்காரு. கரண்டப் போடத்தான் மறந்துட்டாரு.”

நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வருகிற ஒவ்வொருவரிடமும் இதையேதான் சொல்கிறாள். கேட்டவர்கள் நேரம் அப்படி என்று சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். அப்பா மறக்கவில்லை என்பது அலோசியஸுக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல், கோயிலிலிருந்து வந்த நாற்காலிகளை அடுக்குவதும் எண்ணுவதுமாக ஒரு ராத்திரியை ஓட்டிவிட்டான்.

தங்கச்சி டெல்சியின் புருஷன் பெனடிக், கம்ப்யூட்டரின் பெரிய பாகத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். கொழும்பில் கம்ப்யூட்டர் திருத்துகிற கடையில் வேலை. காலை பஸ்ஸில்தான் இரண்டு பேரும் வந்து இறங்கியிருந்தார்கள். அப்பாவின் நல்ல படம் ஒன்று இதற்குள்தான் இருக்கிறது, எடுத்துத் தந்தால் டவுனில் பெரிதாக்கி வைக்கலாம் என்று டெல்சி கேட்டிருந்தாள்.

பெனடிக் அதை இஸ்தோப்புத் திண்ணைமேல் வைத்துவிட்டுப் பின்பக்கம் குனிந்து பார்த்தான்.

“மச்சான், இது கேம் போட்டா நடுவுல நின்னுருமே?”

அலோசியஸ் மொனிட்டரைக் கீழே வைத்தான். “ஆமா. எப்பிடித் தெரியும்?”

“இங்க பாருங்க.” நாலு ஆணியைக் கழற்றிப் பக்கத் தகட்டை எடுத்தான். உள்ளே காத்தாடி இருக்க வேண்டிய இடத்தில் தவிட்டு நிறத்தில் ஒரு கட்டிப் பஞ்சு. தேயிலைத் தூசு. தேயிலை ஆலையான ஸ்டோருக்கு அப்பா போட்டுப்போகும் சட்டையும் கம்பளியும் மேசைக்கு மேல் ஆணியில்தான் தொங்கும். “காத்தாடி சுத்தவே எடமில்ல. சும்மா படம் பாக்க ஒண்ணும் தெரியாது. கேம்னா சூடு ஏறும், தானா நின்னுரும். எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே, மச்சான்.”

“கரண்டு கொறஞ்சா நிக்காதா? கேத்தல் மாதிரி எதையாச்சும் போட்டா?”

பெனடிக் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தூசைத் தட்டிக்கொண்டே யோசித்தான். “நிக்கவும் கூடும். சொல்ல ஏலாது. ரெண்டையும் ஒண்ணா போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

அந்த ‘சொல்ல ஏலாது’ என்ற வார்த்தையைத்தான் அலோசியஸ் அன்று முழுவதும் பிடித்துக்கொண்டு நின்றான்.

கேமில் பதினைந்தாவது ஓவர் வந்தால் போதும், திரை பொட்டென்று கறுத்துவிடும். ஒரு நாள் அப்படி நின்றபோது உள்ளே அப்பா அப்போதுதான் கேத்தலின் பிளக்கைச் செருகியிருந்தார். பல்பு ஒரு தடவை மங்கியது, இங்கே மேட்ச் போய்விட்டது. அவனுக்கு அது போதுமாக இருந்தது. “நான் ஆடி முடிக்கிற வரைக்கும் கேத்தலைப் போடாதீங்கப்பா” என்றான். அப்பா சரி என்றார். இருபத்தெட்டு வருஷம் தோட்டத்து ஸ்டோரில் தேயிலை சலித்த மனிதர். நெஞ்செல்லாம் தூசு. பின்னேரங்களில் ஆவி பிடித்தால்தான் மூச்சு ஒழுங்காக வரும். சரி என்று மட்டும் சொல்லவில்லை, இன்னொன்றும் சொன்னார்.

“ஸ்டோருல மோட்டரு தூசி அடைச்சா சூடேறி இப்பிடித்தான் நின்னுபோகும்யா. தொறந்து ஒரு தடவை ஊதிப் பாரேன்.”

“இது மோட்டரு இல்லப்பா, கம்ப்யூட்டரு. தெரியாததப் பேசாதீங்க.”

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக்கூட அவன் அந்தக் குரலில் அதட்டியதில்லை.

நேற்றுச் சனிக்கிழமை. அம்மா மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். பின்னேரம் மூன்றரைக்கு அவன் கேமைத் தொடங்கினான். உள்ளே அப்பா இருமிக்கொண்டிருந்தார். இருமல் சத்தத்தில் விளையாட்டு கேட்கவில்லை என்று கேமின் சத்தத்தைக் கூட்டி வைத்தான். பதினைந்தாவது ஓவரில் நின்றது.

“கேத்தலைப் போட்டீங்களா?” என்று இருந்த இடத்திலிருந்தே கத்தினான்.

“இல்லய்யா, போடல.”

அவன் நம்பவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அதன் பிறகு இருமல் கேட்கவில்லை. தொந்தரவு விட்டது என்று நினைத்தான். நினைத்ததை நினைத்தால் இப்போது உடம்பு கூசுகிறது. ஐந்து மணிக்கு அம்மா போட்ட சத்தத்தில் ஓடிப்போனபோது கட்டிலுக்குக் கீழே கேத்தல் இருந்தது. தொட்டுப் பார்த்தான். நிறையத் தண்ணீர், மலையிலிருந்து விழும் பீலித் தண்ணீர் மாதிரி சில்லென்று. வயர் சுற்றியபடியே கிடந்தது.

சவப்பெட்டி வந்தது. கோயில் உபதேசியார் ஜெபம் சொன்னார். மூன்று மணிக்குத் தூக்கினார்கள். அக்கரப்பத்தனைப் பக்கத்து மழை தெரிந்ததுதான், வரும்போதே குளிரையும் கூட்டிக்கொண்டு வரும். தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கால் வழுக்கியது. அலோசியஸ் முன்பக்கம் தோள் கொடுத்திருந்தான். கனமே இல்லை. அது அவனை இன்னும் வதைத்தது. குழியில் மூன்று பிடி மண் போடும்போது மற்றவர்கள் அழுதார்கள். அவனுக்கு அழுகை வரவில்லை. ரெண்டையும் ஒண்ணா போட்டுப் பாத்தாத்தான் தெரியும் என்பதே தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இறங்கி வந்ததும் ஆண்கள் எல்லாரும் பீலியில் குளிக்கப் போனார்கள். அவன் அவசர அவசரமாக நாலு கை தண்ணீரை ஊற்றிக்கொண்டு முதல் ஆளாக வீட்டுக்கு வந்தான். மேசையையும் கம்ப்யூட்டரையும் யாரோ பழைய இடத்திலேயே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். பெனடிக் முன்னமே தகட்டை மாட்டி ஆணி முடுக்கி வைத்திருந்தான்; வயர்களை மட்டும் இவன் செருகினான். உள்ளே பெண்கள் களைத்துப்போய்ப் படுத்திருந்தார்கள்.

இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டான். சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுக் கேமைத் தொடங்கினான். ஆடவில்லை. பந்து வரவர ஏதோ ஒரு பட்டனைத் தட்டினான். ஐந்து ஓவர். பத்து. காத்தாடி சீராகச் சுற்றியது. பதினான்காவது ஓவரில் எழுந்து உள் காம்பராவுக்குப் போனான். பாயில் டெல்சி சுருண்டு கிடந்தாள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தாள். கட்டிலுக்குக் கீழேயிருந்து கேத்தலை எடுத்து வந்து, மேசைக்குப் பக்கத்துப் பிளக்கிலேயே செருகினான்.

பல்பு மங்கியது.

நில்லு, என்று கம்ப்யூட்டரைப் பார்த்து மனதுக்குள் கெஞ்சினான். இந்த ஒரு தடவை நின்றுவிடு. நின்றுவிட்டால் கேத்தலைப் போடாதே என்று சொன்னதற்கு ஒரு காரணமாவது இருந்ததாகும். கண்ணை மூடித் திறந்தான். பல்பு பழையபடி எரிந்தது. திரையில் பந்துவீச்சாளன் ஓடி வந்தான். பதினைந்து முடிந்து பதினாறு தொடங்கியது. கேத்தல் முனகத் தொடங்கியது.

“அட பாவி! மண்ணு காயல, அதுக்குள்ள கேமா?” வாசலில் நாகலெட்சுமி, கையில் சோற்றுச் சட்டியோடு. “நீயெல்லாம் படிச்சு...”

“நாகலெட்சுமி.” உள் வாசலில் அம்மா நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது. “சோத்த வச்சுட்டுப் போ. அவன் ஆடல.”

நாகலெட்சுமி சட்டியை வைத்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டே போனாள். அம்மா வந்து அவனுக்குப் பின்னால் நின்றாள். திரையைப் பார்த்தாள். ஆவி விட்டுக்கொண்டிருந்த கேத்தலைப் பார்த்தாள். சேலையில் அப்பாவுக்குப் பூசிய சென்ட் வாசம் இன்னும் இருந்தது.

“இப்ப நிக்கலயா?”

“நிக்கலம்மா.”

அவனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

“அம்மா, அப்பா மறக்கலம்மா. நான்தான்...”

“தெரியும்.”

அவன் திரும்பினான்.

“போன கெழமயே எங்கிட்ட சொன்னாரு. தம்பி ஆடி முடிக்கட்டும், பொறகு போட்டுக்குவோம்னு.” அம்மா அவன் முகத்தைப் பார்க்காமல் குனிந்து பிளக்கை இழுத்தாள். “நான் எல்லார்கிட்டயும் மறந்துட்டாருன்னு சொல்லிட்டேன். டெல்சிகிட்டயும் அப்பிடித்தான் சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லு.”

பீலியில் குளித்தவர்கள் பேசிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. அம்மா அலமாரியிலிருந்து கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, தேயிலை போட்டு, கொதித்த தண்ணீரை ஊற்றினாள். முதல் கோப்பையை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“குடி. ஈரத்தோட இருக்க.”

அவன் கோப்பையைக் கையில் எடுத்தான். தேநீர் கொஞ்சம் சாரத்தில் சிந்தியது. திரையில் பதினெட்டாவது ஓவர் போய்க்கொண்டிருந்தது.