இரண்டு கையெழுத்து

அந்த அச்சகத்தில் மாமியாருக்குப் பெயர் பெரிய கண்ணாடி, மருமகளுக்குச் சின்னக் கண்ணாடி. வைத்தவர் மெஷின்காரர். இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து புரூஃப் திருத்துகிறவர்கள். வீட்டில் ஒரே அடுப்பு, வேலையிடத்தில் ஒரே மேசை. இப்படி ஒரு ஏற்பாட்டில் மூன்று வருஷம் மண்டை உடையாமல் இருந்ததற்கே இருவருக்கும் மாலை போடலாம்.

உடையாததற்குக் காரணம், சின்னக் கண்ணாடி வாயைத் திறக்காததுதான். அவள் மனத்தில் ஒரு முள் மட்டும் இருந்தது. அச்சுக்குப் போகும் ஒவ்வொரு புரூஃப் கட்டிலும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும் என்பது முதலாளி போட்ட சட்டம். மருமகள் திருத்திய கட்டைப் பெரிய கண்ணாடி வாங்கி, ஒரு மரஸ்கேலை வரிக்கு அடியில் வைத்து, முதல் எழுத்திலிருந்து மறுபடி படிப்பார். பிறகுதான் கையெழுத்து. தான் திருத்தியதை நீட்டும்போதோ கடைசித் தாளை மட்டும் மடித்துக் காட்டி, “இங்க போடும்மா” என்பார். அவளும் படிக்காமலே போட்டுவிடுவாள். படிக்கக் கேட்டால் மரியாதையாக இருக்காது என்று நினைத்தாள். ஆனால் மூன்று வருஷமாகத் தன் வேலையை இந்த அத்தை நம்பவில்லையே என்பது மட்டும் ஆறவே இல்லை.

பிரச்சினை எட்டாம் வகுப்பு ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் வந்தது. கற்றுக்கொண்டான் என்பதற்கு ஆங்கிலத்தில் learned என்றும் எழுதலாம், learnt என்றும் எழுதலாம். கனவு கண்டாள், எரிந்தது, சாய்ந்தான் எல்லாவற்றுக்கும் இதே கதை. வார்த்தையின் கடைசியில் ஈ-டி போட்டாலும் சரி, வெறும் டீ போட்டாலும் சரி, அகராதி இரண்டையும் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறது. எழுதிக் கொடுத்தவர் அன்றன்றைய மனநிலைக்கு ஏற்ப இரண்டையும் கலந்துகட்டி அடித்திருந்தார்.

“எதையாவது ஒண்ணைப் போடுங்க. ஆனா ஒண்ணையே போடுங்க” என்று சொல்லிவிட்டு முதலாளி தன் அறைக்குள் போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கட்டு போக வேண்டும்.

“டீ தான்” என்றார் பெரிய கண்ணாடி. “நான் படிச்ச காலத்துலேர்ந்து அப்படித்தான். பார்க்கவும் கச்சிதமா இருக்கு.”

சின்னக் கண்ணாடி வழக்கத்துக்கு மாறாக வாயைத் திறந்தாள். “ஈடி போடலாம் அத்தை. மத்த வார்த்தைக்கெல்லாம் ஈடிதானே? பிள்ளைங்க தனியா ஒரு பட்டியலை மனப்பாடம் பண்ண வேண்டாமே.”

“சுலபமா இருக்குன்னு மாத்திக்கிட்டே போனா அப்புறம் என்னதான் மிஞ்சும்?”

அவ்வளவுதான். ஒரு வாரம் அச்சகம் இரண்டு கட்சியாக நின்றது. ஆங்கிலத்தில் தன் பெயரை மட்டும் எழுதத் தெரிந்த மெஷின்காரர் டீ கட்சி. பைண்டிங் பெண்கள் மொத்தமும் ஈடி கட்சி. வீட்டில் சாப்பாட்டு மேசையில் இருவரும் மகனைத் தபால்காரனாக வைத்துப் பேசினார்கள். “உங்க அம்மாகிட்ட தண்ணியைத் தள்ளச் சொல்லுங்க.” “உன் பொண்டாட்டிகிட்ட தண்ணி அவ பக்கத்துலயே இருக்குன்னு சொல்லு.” அவன் இரண்டையும் சொல்லிவிட்டு அவசரமாகச் சாப்பிட்டு எழுந்து ஓடினான்.

முதல் எண்பது பக்கம் மாமியாருக்கு, அடுத்த எண்பது மருமகளுக்கு. வியாழக்கிழமை மதியம் சின்னக் கண்ணாடி தன் பாதியை எடுத்து வைத்துக்கொண்டு யோசித்தாள். ஈடியில் ஜெயித்து என்ன ஆகப்போகிறது? அவளுக்கு வேண்டியது அதுவா? சிவப்புப் பேனாவை எடுத்து, முப்பத்தோரு இடத்தில் எல்லாவற்றையும் டீ ஆக்கினாள். அத்தைதான் ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படிப்பாரே, பார்த்ததும் புரிந்துகொள்வார், ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அத்தை தன் கட்டை வழக்கம்போல் மடித்து நீட்ட, இவள் வழக்கம்போல் கையெழுத்துப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் கட்டு கையெழுத்தோடு மேசையில் இருந்தது. அத்தை வந்து உட்கார்ந்தார். காபி குடித்தார், மூக்கைத் துடைத்தார், அடுத்த புத்தகத்தை எடுத்தார்.

‘படிச்சிருக்காங்க, பார்த்திருக்காங்க, ஒரு சொல்லுக்குக்கூட நான் லாயக்கில்லை’ என்று அவள் நினைத்துக்கொண்டாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தலைவலி என்று படுத்தே கிடந்தாள்.

திங்கட்கிழமை மெஷின்காரர் முதல் பதினாறு பக்கத்தையும் கடைசிப் பதினாறு பக்கத்தையும் சோதனைக்கு ஓட்டி முதலாளி மேசையில் வைத்தார். பத்தாவது நிமிஷம் உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“ரெண்டு கண்ணாடியும் இங்க வாங்க!”

போனார்கள். முதலாளி இரண்டு தாளையும் விசிறிபோல் விரித்துப் பிடித்திருந்தார். “முன்னாடி பூரா ஈடி. பின்னாடி பூரா டீ. ஒரு வாரம் சண்டை போட்டது இதுக்குத்தானா?”

மருமகளுக்கு முதலில் புரியவில்லை. முன்பாதி அத்தையுடையது. அதில் எப்படி ஈடி வந்தது? மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீ டீ போட்டியா?”

“நீங்க ஈடி போட்டீங்களா?”

“நீ சொன்னது நியாயமாத்தான் பட்டுச்சு” என்றார் பெரிய கண்ணாடி, சுவரைப் பார்த்து. “வாய்விட்டுச் சொல்லத்தான் வரல.”

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். “சின்னவங்க படிக்காம கையெழுத்துப் போடுறது எனக்குத் தெரியும். நீங்க எப்பவும் அவங்க கட்டை மறுபடி படிப்பீங்களே? உங்க கண்ணுல இது படாம போகுமா?”

“படிச்சாத்தானே படும். நான் படிக்கல.”

“ஏன்?”

“மூணு வருஷமா ஸ்கேல் வச்சுத் தேடிட்டேன். ஒரு தப்பும் சிக்கல. இன்னும் எத்தனை நாள்தான் தேடுறது? போதும்னு போட்டுட்டேன்.”

சின்னக் கண்ணாடிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. முன்னும் பின்னும் பிசகிக் கிடந்த அந்தத் தாள்களைப் பார்க்கப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. முதலாளி அவளை ஒரு மாதிரி பார்த்தார். திட்டு வாங்கிக்கொண்டு முகம் மலர்கிறவளை அவர் அதுவரை கண்டதில்லை.

கதவோரம் நின்ற மெஷின்காரர்தான் வழி சொன்னார். “எந்தப் பாதியில திருத்தம் கம்மியோ அதை மாத்துங்க. எனக்கு மெஷின் சும்மா நிக்குது.” எண்ணிப் பார்த்தார்கள். முன்பாதியில் பதினான்கு, பின்பாதியில் முப்பத்தொன்று. ஆகவே முன்பாதி டீ ஆக வேண்டும் என்று முடிவாயிற்று. தன் பிடிவாதத்தை விட்டுத் தானே திருத்திய பதினான்கையும் பெரிய கண்ணாடி தானே அடித்துத் திருத்தினார். முணுமுணுப்பு வெளித் தாழ்வாரம் வரை கேட்டது.

முடித்ததும் கட்டை நீட்டினார். மருமகள் பழக்கதோஷத்தில் கடைசித் தாளைத் தேடினாள். தாள் எதுவும் மடித்திருக்கவில்லை. மேலே மரஸ்கேல் இருந்தது.

“முதல்லேர்ந்து படி. அப்புறம் போடு.”

அவள் ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துப் படித்தாள். பதினான்கு இடமும் சரியாக இருந்தன. நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது. நகர்த்திவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நகர்த்தவில்லை.

“அத்தை, இங்க ஒரே வார்த்தை ரெண்டு தடவை வந்திருக்கு.”

பெரிய கண்ணாடி தாளை இழுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“இந்த மேசைக்கு வந்து இருபத்திரண்டு வருஷமாச்சு, என் பக்கத்தை யாரும் படிச்சதில்ல” என்றார். “எவ்வளவு போயிருக்கோ.” பிறகு தாளைத் திருப்பி அவள் பக்கம் வைத்து, சிவப்புப் பேனாவையும் உருட்டிவிட்டார்.

“அடிச்சிட்டு மேல படிம்மா. மெதுவாவே படி.”