தண்ணீர் பட்ட சிப்பிப் பொடி

அக்காவின் சிப்பிக் கொட்டகையில் நகரசபை நோட்டீஸ் ஒட்டிவிட்டது. சதையை எடுத்துவிட்டு வீசிய ஓடுகள் கூரை உயரத்துக்குக் குவிந்து ஊரையே மூக்கைப் பிடிக்க வைத்தன. வெள்ளிக்கிழமைக்குள் குவியலுக்கு ஒரு வழி சொல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. அங்கே வேலை பார்க்கும் பதினாறு பெண்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நான் சாலைப் பொருட்களைச் சோதிக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். சிப்பி ஓட்டைப் பொடித்துத் தாரில் கலந்தால் சாலை தண்ணீருக்குத் தாங்கும் என்று எங்கள் இன்ஜினியரின் உயிரை வாங்கி, ஒரே ஒரு வாய்ப்பு பெற்றிருந்தேன். வெள்ளிக்கிழமை காலை சோதனை. வெந்நீரில் ஒரு நாள் ஊறிய தார்க்கட்டியை எந்திரத்தில் அழுத்தி உடைப்பார். ஊறாத கட்டி, எந்திரத்தின் முள் பத்தைத் தொட்டபோது உடைந்திருந்தது. ஊறியது எட்டு வரையாவது தாங்கினால், குவியல் முழுவதும் புதிய சாலைக்கு.

புதன்கிழமை மதியம் கோட்டை விட்டேன். பொடியை உலர்த்த உலையில் வைத்தேன். முந்தைய வேலைக்காக அது தொள்ளாயிரம் டிகிரியில் இருந்ததைக் கவனிக்கவில்லை. அந்த நேரம் பார்த்து ஜல்லி லாரி வந்தது. அளவு தப்பான ஜல்லி. டிரைவரோடு சண்டைக்குப் போனேன். நான் சண்டையைப் பாதியில் விடுகிற ஆளில்லை. திரும்பி வந்தபோது பொடி வெள்ளை வெளேரென்று வெந்து கிடந்தது. வெளியே எடுத்து ஆறவைத்துவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன்.

அப்போது வந்த அக்கா, கொட்டகைப் பழக்கத்தில், சிப்பி என்றாலே கழுவ வேண்டும் என்று அரை வாளித் தண்ணீரை அதன்மேல் கொட்டிவிட்டாள். பொடி புஸ்ஸென்று பொங்கி ஆவி விட்டது.

"ஐயோ, என்னடி இது, அடுப்பே இல்லாம கொதிக்குது?"

"சுட்ட சிப்பியில தண்ணி ஊத்தினா சுண்ணாம்பாகாம வேற என்னக்கா ஆகும்? போச்சு, எல்லாம் போச்சு!"

புதிதாக இடித்துச் சலிக்க நேரமில்லை. வருவது வரட்டும் என்று அந்தச் சுண்ணாம்பையே உலர்த்தித் தாரில் கலந்து கட்டி பிடித்து, வெந்நீரில் ஊறப் போட்டேன்.

வெள்ளிக்கிழமை. எந்திரம் அழுத்தத் தொடங்கியது. முள் ஐந்தைத் தொட்டது. ஆறு. ஏழில் தயங்கியது.

"ஏறித் தொலையேன்!" என்று அக்கா முள்ளை அதட்டினாள்.

ஏறியது! எட்டைத் தாண்டி, ஒன்பதையும் தாண்டி, ஒன்பதே காலில்தான் கட்டி உடைந்தது. இன்ஜினியர் நம்பாமல் இன்னும் இரண்டு கட்டிகளை உடைத்தார். இரண்டும் ஒன்பதுக்குக் குறையவில்லை. எனக்கு அங்கேயே குதிக்கத் தோன்றியது.

"வெறும் ஓட்டுப்பொடி இவ்வளவு தாங்காதே! என்னம்மா செஞ்சீங்க? சாலை முழுக்க இதே மாதிரி வேணும்."

உலையை மறந்ததை எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடினேன். அக்காவுக்கு அந்தத் தொந்தரவெல்லாம் கிடையாது.

"இவ உலையை மறந்துட்டு லாரிக்காரனோட சண்டைக்குப் போயிட்டா சார். நான் தெரியாம தண்ணிய ஊத்திட்டேன்."

இன்ஜினியர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"சண்டை எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம் சார்."

"தண்ணி?"

"அரை வாளி."

எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அக்கா கொட்டகைக்குப் போன் போட்டாள். மறுமுனையில் எடுத்ததும், "நீயே சொல்லுடி" என்று போனை என் கையில் திணித்தாள்.

"நாளைக்கு எல்லாரும் வேலைக்கு வந்துடுங்க!" என்றேன்.

போனிலிருந்து வந்த கூச்சலில் இன்ஜினியரே காதைப் பொத்திக்கொண்டார்.